மரவள்ளி மூட்டைக்கு ராசியான காரு

ஞாயித்துக்கெழம காலைல தியாகதுருகம் ரோட்டுல பஸ்ஸே போவ முடியல. அவ்ளோ கூட்டம். இன்னாடா, கட்சி மாநாடா, யாராச்சும் பிரியாணி போடறாங்களான்னு எட்டிப் பாத்தா அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரோட்டோர கிரவுண்டுல காருக்கு ஜோசியம்!

ஆமாங்க. மனுசனுக்குப் பாத்து முடிச்சாச்சி, மாட்டுக்கும் பாத்து முடிச்சாச்சி, இப்ப பழைய காரு. பாக்கறவரு பேரு வாகன சித்தர் ராஜாங்கம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வரைக்கும் உளுந்தூர்பேட்டைல லாரிக்கு பழைய டயர் வித்துக்கினு இருந்தாரு. இப்ப அருள் விக்கறாரு. ரெண்டுலயும் உள்ள இருக்கறது காத்துதான், அதனால தொழில் மாத்தறது அவருக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல.

நம்மூர்ல ஆட்டோமேட்டிக் காரு இப்பதான் ஜாஸ்தியாவுது. புதுசு வாங்க காசு கெடையாது, பழசு வாங்க பயம். அந்தப் பயம்தான் சித்தரோட மொதலீடு.

புது வண்டி எடுத்தா டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சி நசுக்கிட்டுத்தானே நம்ம ஆளுங்க வூட்டுக்கு ஓட்டுவாங்க? சித்தரு அத்த அப்பிடியே திருப்பிப் போட்டுட்டாரு. வாங்கறதுக்கு முன்னாடியே பழமாம். முன் டயருக்கு ஒரு முழம் தள்ளி ரெண்டு பழம். இன்ஜின் ஓடிக்கினு இருக்கும். வாங்கறவரு டிரைவர் சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்து கண்ண மூடிக் கும்பிடணும். பக்கத்து சீட்டுல சிஷ்யன் மாயவன். நடுவுல கியருக்கு மேல ஒரு மஞ்சத்துணி. அதுக்குள்ள சாமி உக்காந்துக்கினு இருக்குதாம், யாரும் தொறந்து பாக்கக் கூடாதாம். சித்தரு வெளிய நின்னு மணி அடிப்பாரு. வண்டி உங்களுக்கு ராசின்னா, யாரும் எதையும் மிதிக்காம தானா ஊர்ந்து போயி பழத்த நசுக்கும். ராசி இல்லன்னா நின்ன எடத்துலயே நிக்கும்.

ஆட்டோமேட்டிக் வச்சிருக்கறவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. மத்தவங்களுக்காக சொல்றேன். அந்த மாதிரி காருல 'டி'ன்னு போட்ட எடத்துல கியர வச்சி பிரேக்க வுட்டா, ஆக்சிலேட்டர் மிதிக்காமலே வண்டி மெதுவா ஊரும். டிராபிக்ல சௌரியமா இருக்கட்டும்னு கம்பெனிக்காரனே செஞ்சி வச்சது. நியூட்ரலு, அதான் 'என்'னுன்ற எடத்துல வச்சா ஊராது. அவ்ளோதான் சாமி! மஞ்சத்துணிக்குள்ள மாயவன் கை 'டி'க்கு போனா ராசி, 'என்'னுலயே இருந்தா தோஷம். ஹேண்ட்பிரேக்கும் அவன் கைலதான்.

எந்த வண்டிக்கு ராசி வரும்னு கேக்கறீங்களா? மாயவன் சித்தருக்கு மச்சான் வேற. கிரவுண்டுக்குப் பின்னால அவன் விக்க நிறுத்தி வச்சிருக்கற காரு எல்லாம் எல்லா ஜாதகத்துக்கும் பொருந்தும். நீங்களா பாத்து ஓட்டியாந்த வண்டி எல்லாம் தோஷம். சாமிக்குக்கூட மச்சான் பாசம்!

இந்தக் காத்து எங்கூட்டுப் பக்கமும் அடிச்சிச்சி.

எங்க அக்கா ராதிகா வெள்ளிமலைல நர்ஸு. போன மழைல ஸ்கூட்டி வழுக்கி வுழுந்து, இடது முட்டில பிளேட் வச்சிருக்காங்க. கிளட்ச் மிதிக்க முடியாது. கச்சிராயபாளையம் தாண்டி மேல ஏற காலைல பஸ்ஸும் கம்மி. அதான் சின்னதா, பழசா, ஒரு ஆட்டோமேட்டிக் காரு தேடனோம். கைல இருக்கற காசுக்குள்ள முடிக்கணும். தப்பான வண்டி வாங்கி காசு போனாக்கூட பரவால்லங்க. கொண்டை ஊசி வளைவுல கியர்பாக்ஸ் மக்கர் பண்ணா அக்காவே போயிடும்.

அலஞ்சி அலஞ்சி நானும் அக்காவும் ஒரு வண்டி பாத்து வச்சிருந்தோம். தியாகதுருகத்துல பகலவன்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வண்டி. இன்ஜின் ஆறிக் கெடக்கறப்பவே போயி ஸ்டார்ட் பண்ணோம். நல்லா சூடேற வரைக்கும் ஓட்டனோம். மேடு ஏத்தனோம். கியர் மாறறப்ப ஒரு குலுக்கல் கெடையாது. மெக்கானிக் ஒருத்தர வச்சி அடியில தூக்கியும் பாத்தாச்சி. கலர்தான் கொஞ்சம் மங்கல்.

எங்கப்பா வீரமுத்து ஒத்துக்கல. "சித்தர் பாக்காம என் பொண்ணு அந்த வண்டில ஏறாது."

"ஏம்ப்பா, கரும்பு வெட்டறப்ப சித்தரக் கேட்டா வெட்டன?"

"கரும்பு மலையேறாதுடா."

அடுத்த ஞாயித்துக்கெழம அப்பாவையும் வாத்தியாரையும் ஏத்திக்கினோம். அவரு வண்டிய ஓட்டிக்கினு நேரா கிரவுண்டுக்குப் போனோம். அக்கா உக்காந்துச்சி. சித்தரு மணி அடிச்சாரு. நவுரல. மறுபடியும் மணி. நவுரவே இல்ல.

"கடுமையான தோஷம்"னாரு சித்தரு.

வாத்தியார் பாவம் மெரண்டுட்டாரு. "ஏங்க, இப்பதானே தியாகதுருகத்துலேந்து நல்லா வந்துச்சி?"

"வந்துச்சி. இந்தப் பொண்ணுக்காக வரல."

கூட்டம் 'ஆகா'ன்னுது. பின்னாலேந்து ஒரு செவப்பு காரு வந்திச்சி. பளபளன்னு பாலிஷு, கதவத் தொறந்தா குப்புன்னு சென்ட்டு. அக்கா உக்காந்து கும்பிட்டுச்சி. மணி அடிச்சதும் வண்டி மெதுவா ஊர்ந்து பழத்த பச்சுனு நசுக்கிச்சி. அரோகரா சத்தத்துல ரோட்டுல போன பஸ்ஸுக்காரன் பிரேக் போட்டுட்டான். அப்பா கண்ணுல தண்ணி. அட்வான்ஸ் குடுக்க சட்டைப் பைல கை போயிடுச்சி.

அக்கா கண்ணத் தொறந்து எறங்குச்சி. "சாமி, ஒரு சந்தேகம். இது எனக்கு மட்டும்தான் நவுருமா?"

"வண்டி ஒன்ன ஏத்துக்கிச்சி தாயி. வேற யாரு உக்காந்தாலும் ஒரு இம்மி நவுராது. பிரம்மனே உக்காந்தாலும்!"

"அப்ப வேற ஒருத்தர உக்கார வச்சிப் பாத்துடலாமா?"

சித்தரு உஷாரு. "கூடாது தாயி. அடுத்தவன் பாவம் வண்டில ஒட்டிக்கும்."

"சரி, பாவமே பண்ணாத ஆளா வெக்கலாம்." அக்கா சுத்திப் பாத்துச்சி. வடக்கனந்தல் சாலம்மாள் மரவள்ளிக் கெழங்கு மூட்டையோட நின்னுக்கினு வேடிக்க பாத்துச்சி. "யக்கா, அந்த மூட்டைய கொஞ்சம் குடுங்க."

"எம்மூட்டைக்கு எதுக்கும்மா காரு? அது ஜவ்வரிசி மில்லுக்குப் போவுது!"

"போறதுக்கு முன்னாடி ராசி பாத்துக்கினு போவட்டும்."

"அபச்சாரம்! தெய்வ ஆசனத்துல கெழங்கு மூட்டையா?"ன்னு சித்தரு குதிச்சாரு. ஆனா அவரக் கவுத்தது பக்தருங்கதான். போன மாசம் இவருகிட்ட காரு வாங்கன சிவசங்கர் முன்னால வந்து, "வெச்சிப் பாக்கட்டும் சாமி! நவுராதுதானே? உங்க சக்திய ஊரு பாக்கட்டும்!"னாரு. அவ்ளோ நம்பிக்க. கூட்டமும் "ஆமா சாமி, காட்டுங்க!"ன்னு கத்துச்சி. சித்தரு மொகத்தப் பாக்கணுமே!

புதுசா ரெண்டு பழம் வச்சாங்க. மாயவன எறக்கிட்டு நான் ஏறனேன். மஞ்சத்துணிய உருவனேன். உள்ள சாமியும் இல்ல பூதமும் இல்ல, கியர்தான் இருந்திச்சி. மூட்டைய டிரைவர் சீட்டுல ஏத்தியாச்சி.

"பெல்ட் போடுடா"ன்னுச்சி அக்கா. "உருண்டு வுழுந்தா சாலம்மாக்கா நம்மள சும்மா வுடாது."

பெரிய மூட்ட. பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தாதான் சுத்தும். இழுத்தேன். கொஞ்ச தூரம் நல்லா கறுப்பா வந்துச்சி. அதுக்கப்புறம் வந்தது சேறு. காஞ்ச, கெட்டியான சேறு. சென்ட்ட மீறி ஏரி நாத்தம். அக்காவப் பாத்தேன். அதுவும் பாத்துடுச்சி. "இரு, மொதல்ல மூட்டைக்கு ராசி பாப்போம்"ன்னுச்சி.

கியர எல்லாரும் பாக்க 'டி'க்கு தள்ளி, ஹேண்ட்பிரேக்க எறக்கனேன். மணி கூட யாரும் அடிக்கல. வண்டி ஊர்ந்து போயி ரெண்டு பழத்தையும் நசுக்கிச்சி. மூட்ட சும்மா ஜம்முன்னு உக்காந்துக்கினு இருந்திச்சி.

சாலம்மாள் வாயில கை வச்சிது. "அடி ஆத்தா! எங்கெழங்குக்கு காரு யோகம்டி!"

சிரிப்பு அடங்கறதுக்குள்ள சித்தரு கையத் தூக்கனாரு. "மூட்டைல அன்னலட்சுமி இருக்கா! அதான் ஏத்துக்கிச்சி!"

நம்புங்க, பாதிக் கூட்டம் தலைய ஆட்டுச்சி! எங்கப்பா உட்பட.

அக்கா வாத்தியார் வண்டியக் காட்டுச்சி. "இது எனக்கு தோஷம். கெழங்குக்கு எப்பிடின்னு பாரு." அதுலயும் மூட்டைய ஏத்தி 'டி' போட்டேன். ஊர்ந்துச்சி. 'என்'னு போட்டேன், நின்னுச்சி. 'டி', ஊர்ந்துச்சி. "பாத்தீங்களா? லட்சுமி வர்றதும் போறதும் இந்தக் குச்சிலதான்"ன்னுச்சி அக்கா.

அப்புறம் செவப்பு வண்டி பெல்ட்ட வெளிய இழுத்து அப்பா கைல குடுத்துச்சி. "மோந்து பாருப்பா. வெள்ளத்துல முங்கன வண்டி. சீட்டக் கழுவிட்டாங்க, பாடிய பாலிஷ் போட்டுட்டாங்க. சுருள்குள்ள போன சேத்த மறந்துட்டாங்க. ஒயரு, கியர்பாக்ஸு எல்லாத்துலயும் தண்ணி பூந்திருக்கும். இதுலதான் என்ன மலைக்கு அனுப்ப இருந்த."

அப்பா மோந்து பாத்தாரு. பைல இருந்த கை வெளிய வந்துடுச்சி.

சிவசங்கர் ஓடனாரு பாருங்க தன் காருக்கு! பெல்ட்ட இழுத்தாரு. சேறு. "யோவ் சித்தரே!" அடுத்தவன் ஓடனான். அதுக்கடுத்தவன் ஓடனான். கொஞ்ச நேரத்துல கிரவுண்டு பூரா காரு கதவு தொறந்து கெடக்குது, ஆளாளுக்கு பெல்ட்ட உருவி மோந்துக்கினு நிக்கறாங்க.

சித்தரு நைசா தன் வண்டிக்கு நடந்தாரு. அது புதுசு, ஷோரூம்ல எடுத்தது. அதுக்கு அவரு வாரண்டி பாத்துதான் வாங்கனாராம், ராசி பாக்கலியாம். ஜனம் முன்னால நின்னு மறிச்சிக்கிச்சி. மாயவன் அதுக்கு முன்னாடியே கரும்புக் கொல்லைல பூந்துட்டான். போலீஸ் வந்துதான் சித்தர ஜீப்புல ஏத்துச்சி. ஜீப்பு அவரு ராசிக்கு ஒத்து வந்துச்சான்னு தெரியல, ஆனா நல்லாத்தான் நவுந்துச்சி.

வாத்தியார் வண்டி இப்ப அக்காவுது. தெனம் மலையேறுது, எறங்குது. ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு சாயங்காலமே கூட்டத்துல ஒருத்தரு எங்கிட்ட வந்து ரகசியமா கேட்டாரு: "தம்பி, இவரு போலிதான், ஒத்துக்கறேன். சேலத்துல ஒருத்தரு இருக்காராமே, அவரு நெசமா பாப்பாரா?"

தலைல அடிச்சிக்கினேன். வேற இன்னா பண்றது? சித்தரும் ஜாமீன்ல வந்துட்டாருங்க. உளுந்தூர்பேட்ட பக்கம் இப்ப பேட்டரி ஸ்கூட்டருக்கு ஜீவன் பாக்கறாராம். சத்தமே இல்லாம ஓடுதுன்றதால அது தெய்வ வண்டியாம். போறதுன்னா தாராளமா போங்க. போயி ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "சாமி, இத்த நானே ஒருவாட்டி செஞ்சி பாக்கட்டுமா?" கூடாதுன்னாருன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சி வூட்டுக்கு வந்து சேருங்க. செஞ்சி பாக்கக் கூடாதுன்னு சொல்ற சாமிக்கு உங்க அறிவக் கண்டாதான் பயம்.