உறவுமுறைக் கட்டம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. ஆபீஸ் சமாசாரம், சத்தம் போட்டுச் சொல்லக் கூடாது.

ஒரு குடியிருப்பில், மூன்றாவது மாடியில், ஒரு தையற்காரம்மா, ஓய்வுபெற்ற லாரி டிரைவர், ஒரு நர்ஸ், மூவரும் எடுத்து வளர்க்கும் எட்டு வயசுப் பெண் என்று நாலு பேர். ரத்த சம்பந்தம் துளியும் கிடையாது. ஆனால் குழாயை மூடாமல் விட்டது யார் என்று தினமும் சண்டை. அப்படிச் சண்டை போட ஒரு வயிற்றில் பிறந்தவர்களால்தான் முடியும்.

அவர்களுக்குக் குடியிருப்பு ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘மேற்படி இல்லத்தில் குடும்பம் அல்லாதோர் குடும்பம்போல் வசிப்பதாகத் தெரியவருவதால்’ இணைத்துள்ள படிவத்தில் உறவுமுறைக் கட்டத்தை நிரப்பித் தரவும், தவறினால் மாதக் கடைசியில் காலி செய்யவும் என்று. வீடு போனால் பெண்ணை விடுதியில் சேர்த்துவிடுவார்கள். நர்ஸுக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வாரம் ஒரு ஆவணப்படக்காரர் வந்து சேர்ந்தார். வித்தியாசமான குடும்பங்களைப் படமெடுப்பது அப்போது மோஸ்தர். மூன்று நாள் கேமராவை வைத்துப் பார்த்து முகம் வாடிப்போனார். இவர்கள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பெண்ணுக்கு வாய்ப்பாடு கேட்டார்கள். கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருங்களேன் என்று கெஞ்சிவிட்டு, டிரைவரை ஜன்னலோரம் நிறுத்தி வானத்தைப் பார்க்கச் சொன்னார். டிரைவர் பார்த்தார். மழை வரும்போல இருக்கு, துணியை எடுங்க என்றார். படத்தின் உச்சகட்டமே அதுதான் என்று அறிஞர்கள் பிறகு எழுதினார்கள்.

மாதக் கடைசிக்கு ரெண்டு நாள் முன்னால் படம் திரையிட்டபோது முன்வரிசையில் குடியிருப்பு அதிகாரி. கைக்குட்டை நனைய அழுதார். தையற்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதுதாம்மா குடும்பம் என்றார்.

மறுநாள் தையற்காரம்மா படிவத்தோடு அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“நேத்து எங்களைக் குடும்பம்னு சொன்னீங்களே, சார்.”

“அது கலை உணர்வும்மா. இது ஆபீஸ். கட்டத்துல யாராவது சொந்தம் இருக்கணும்மா.”

அம்மா அங்கேயே உட்கார்ந்து, அதிகாரியின் பெயரை எழுதி, உறவுமுறை: மூத்த மகன் என்று நிரப்பினாள். வாங்கிப் பார்த்த அதிகாரிக்கு வேர்த்துவிட்டது.

“நான் எப்பம்மா உங்க மகன் ஆனேன்?”

“இதோ, இப்பக்கூட ‘அம்மா’ன்னுதானே கூப்பிட்டீங்க.”

பக்கத்து மேஜை குமாஸ்தா, முப்பது வருஷமாக விதி பிசகாதவர், எழுந்து வந்தார். சொந்தக்காரர் கோப்பை அதிகாரி தொடக்கூடாது, வேறு அதிகாரி வரும்வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் கூடாது என்று விதியைப் படித்துக் காட்டினார்.

“யோவ், இவங்க எனக்குச் சொந்தமே இல்லைய்யா.”

“இல்லைன்னு எழுதிக் கொடுக்கப் படிவம் கிடையாது, சார்.”

கோப்பு எட்டு மாதம் தூங்கியது. அதன்பிறகு வேறு ஊரிலிருந்து புது அதிகாரி வந்தார். ரொம்பக் கறாரானவர் என்று பேச்சு. தையற்காரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டி, “உட்காருங்கம்மா” என்றார்.

அம்மா உட்கார்ந்தாள். பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, ‘இளைய மகன்’ என்று எழுத ஆரம்பித்தாள்.