மூன்று அறைக்கு ஒரு ஆள்

அந்த பிசியோதெரபி நிலையத்தின் மூன்றாவது அறையில், தோள்வலி அம்மாளுக்குக் கரண்ட் வைப்பதற்காக தெரபிஸ்ட் மெஷினின் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோன நேரம் பார்த்து, அவளுடைய கோட்டுப் பையில் மணி அடித்தது. பையில், வைத்த நேரம் முடிந்ததும் அடிக்கும் மூன்று குட்டி மணிகள் இருந்தன. எது அடித்தது என்பதுதான் தெரியவில்லை.

அறைக்கு ஒன்றாக, மூன்றையும் ஒரே கடையில் ஒன்று போலவே வாங்கியது அவள் செய்த தப்பு. பொத்தானை விட்டுவிட்டு ஓடினாள். முதல் அறையில் முட்டிவலிப் பெரியவருக்கு ஒத்தடப் பை. இரண்டாவதில் கழுத்துவலி வாத்தியாருக்குத் தாடையில் பட்டை கட்டித் தலையை மேலே இழுக்கும் மெஷின். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவளுக்கோ மூன்றாவதாக ஒரு கால் தேவைப்பட்டது.

போன மாதம் வரை இந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். யாரோ ஒரு ஆலோசகர், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், முதலாளிக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஒத்தடம் தானாகச் சுடுகிறது, மெஷின் தானாக இழுக்கிறது, நடுவில் ஆள் சும்மாதானே நிற்கிறார், மூன்று அறைக்கு ஒரு ஆள் தாராளம் என்று. கூட வேலை பார்த்த தோழியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவளுக்கு 'அஷ்டாவதானி' என்று வரவேற்பு மேசைக்காரர் பெயர் வைத்தார். புகார் புத்தகத்தில் இதற்குள் இரண்டு புகார் ஏறிவிட்டது. இன்னும் ஒன்று வந்தால் நீயும் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

போதாததற்கு இந்தத் தோள்வலி அம்மாள் முதலாளிக்குத் தெரிந்தவர். நன்றாகக் கவனி என்று காலையிலேயே உத்தரவு வந்திருந்தது. அவர் வந்து உட்கார்ந்த கோலத்திலேயே வலிக்குக் காரணம் தெரிந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், மடியில் கம்ப்யூட்டர், ஒரு கையில் படிவம். கம்ப்யூட்டரை மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டு, போனைத் தன் கோட்டுப் பையில் பத்திரப்படுத்தித்தான் அவரைப் படுக்கவைத்திருந்தாள்.

மணிக் குழப்பம் தீர, மூன்று மணிகளையும் அந்தந்த அறைத் திரையில் மாட்டினாள். முதல் அறை மணி அடித்ததும், மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று முட்டிவலிப் பெரியவரே நல்ல மனதோடு அதை அணைத்துவிட்டார். அவள் போய்ப் பார்த்தபோது முட்டி தக்காளியாகியிருந்தது.

சரி, நேரமானால் நீங்களே குரல் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். பெரியவர் நிமிடத்துக்கு ஒரு குரல் கொடுத்தார். தாடை கட்டியிருந்த வாத்தியாருக்கு "ம்ம்ம்" தவிர எதுவும் வரவில்லை. அது வலியா, நேரமாகிவிட்டதா, பாட்டா என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாகத் தன் போனில் அலாரம் வைத்து, சத்தமில்லாமல் துடிக்கும்படி செய்து, அதே பையில் போட்டாள். மூன்று தடவை துடிக்க வேண்டிய பை முப்பது தடவை துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓடி, வாத்தியாரை நாலு தடவை அவிழ்த்து நாலு தடவை கட்டினாள்.

"ஒண்ணு கட்டுங்க, இல்ல விட்டுடுங்கம்மா. நான் என்ன பார்சலா?" என்றார் வாத்தியார்.

துடித்தது தோள்வலி அம்மாளின் போன் என்பது அப்போதுதான் உறைத்தது. வந்த எரிச்சலில் பையிலிருந்த இரண்டு போனையும் அணைத்தாள். அதோடு அலாரமும் ஓய்ந்தது, மூன்றாம் அறையின் நினைப்பும் ஓய்ந்தது.

முட்டியையும் கழுத்தையும் கெஞ்சிக் கூத்தாடி, புகார் எழுதாமல் அனுப்பிவைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தாள். மேசைக்காரர் கேட்டார்: "அந்தத் தோள்வலி அம்மா எப்போ போனாங்க? கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கே."

தம்ளரை அப்படியே வைத்துவிட்டு மூன்றாவது அறைக்கு ஓடினாள். அம்மாளைப் படுக்கவைத்து ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

திரையை விலக்கினால், அம்மாள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோளில் ஒட்டிய பட்டைகள் அப்படியே இருந்தன. மெஷினில் விளக்கு எரியவில்லை. பொத்தானையே அழுத்தவில்லை என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் நினைவு வந்தது. அழுகை வந்தது, அழுதேவிட்டாள்.

சத்தத்தில் கண்விழித்த அம்மாள் மெஷினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் புகார் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கம் நிறைய எழுதினார். இனி தோழிக்குத் துணையாக வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று தெரபிஸ்ட் பட்டைகளைச் சுருட்டத் தொடங்கினாள்.

மேசைக்காரர் எட்டிப் படித்தார். "மூணு அறைக்கு ஒரு ஆள்ங்கிறது முட்டாள்தனமாம். நிறுத்தினவங்களை நாளைக்கே திரும்பக் கூப்பிடணுமாம்."

தெரபிஸ்டுக்கு நம்பிக்கை வரவில்லை. "மேடம், நான் உங்களுக்கு மெஷினே போடல."

"தெரியும்மா. ஒரு வேலையும் பார்க்காம ஒரு மணி நேரம் படுத்ததுக்கே வலி போயிடுச்சு," என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார் அம்மாள்.

"நீங்க எழுதினா முதலாளி கேப்பாரா? அது யாரோ பெரிய ஆலோசகர் கொடுத்த அறிக்கையாச்சே."

அம்மாள் தன் போனை வாங்கி, அணைந்தபடியே கைப்பைக்குள் போட்டார்.

"அதை எழுதிக் கொடுத்ததே நான்தாம்மா. எழுதும்போது கூடவே இன்னும் நாலு வேலை பார்த்துக்கிட்டிருந்தேன்."