ஈரம் கண்ட இடது விளக்கு

“விளக்குல ஈரமாம்ப்பா” என்றாள் ரச்சனி, வண்டிச் சாவியையும் ஒரு தாளையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்தபடி.

புன்சோங் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளை வாசித்தார். ‘இடது முகவிளக்கினுள் ஈரம் படிந்துள்ளது. தேறவில்லை. சோதித்தவர்: அனுசித்.’ அதன்கீழே ஒரு நீல முத்திரை, சிறிதும் இரக்கமின்றி அழுத்தமாக விழுந்திருந்தது.

“ஈரமா? வருஷத்துல எட்டு மாசம் மழ பெய்யற இந்த ரனோங் ஊர்ல எதுலம்மா ஈரம் இல்ல? என் தலகாணில ஈரம். உப்பு டப்பால ஈரம். அந்தச் சோதனை நிலையத்துச் செவுத்துலயே காளான் மொளச்சிருக்கு. அதத் தேற விட்டது யாரு?”

“எனக்கென்ன தெரியும்? சரி பண்ணிட்டு வாங்கன்னாரு. பண்ணிக் குடுங்க, மறுபடி எடுத்துட்டுப் போறேன்.”

புன்சோங்கின் சினத்துக்குக் காரணம் இருந்தது. மழைக்காலத் தவம் முடித்த பிக்குகளுக்குச் சீவர ஆடை அளிக்கும் திருவிழா அடுத்த மாதம் முதல் நாள். அந்த ஆடைகளை ஏந்தி ஊர்வலத்தின் முன்னே செல்லும் வண்டி எவருடையது என்பதை ஆண்டுதோறும் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பதினோராண்டுகளாகக் குடத்துக்குள் சென்று, பதினோராண்டுகளும் குடத்துக்குள்ளேயே தங்கிவிட்ட புன்சோங்கின் பெயர், இவ்வாண்டு தலைமைத் துறவியின் திருக்கரத்தில் ஏறி வெளியே வந்தது. அன்று அவர் கண்ணில் துளிர்த்த நீரைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

விழாக்குழுச் செயலாளர் சரூனுக்கோ வேறு கவலை. “வாழ்த்துக்கள் அண்ணே! ஆனா வரிச்சீட்டு புதுசா ஒட்டியிருக்கணும். குழுவோட விதி. இல்லன்னா என் வெள்ள வண்டி சும்மாத்தான் நிக்குது” என்றார், மலர்ந்த முகத்துடன்.

புன்சோங்கின் சாம்பல்நிற வண்டிக்குப் பதினான்கு வயது. ஏழாண்டு கடந்த வண்டி சோதனையில் தேறினால்தான் வரிச்சீட்டு. பழைய சீட்டோ மாதக் கடைசியோடு முடிகிறது. அவர் துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலையின் மேற்பார்வையாளர். படகுகள் கரைசேரும் காலை வேளையில் ஆலையை விட்டு நகர முடியாது. மழலையர் பள்ளி ஆசிரியையான ரச்சனிக்கு விடுமுறை. ஆகவே சீர்செய்வது தந்தையின் கடமை என்றும், சோதனைக்குக் கொண்டுசெல்வது மகளின் கடமை என்றும் அவ்வீட்டில் முடிவாயிற்று.

அன்று மாலை அவர் மகளின் முடி உலர்த்தியை எடுத்துக்கொண்டு வாசலில் மண்டியிட்டார். ஒரு மணிநேரம் வெப்பக்காற்றை வழிபாட்டுத் தூபம்போல் இடமும் வலமும் காட்டினார். கண்ணாடியின் உட்புறம் மென்படலமாய்ப் படிந்திருந்த பனி மெல்லப் பின்வாங்கியது. வெற்றி என்று எழுந்தார். உலர்த்தியை அணைத்ததும், சிதறியோடிய படை மீண்டும் அணிவகுப்பதைப்போல, அந்தப் பனியெல்லாம் முத்து முத்தாய்த் திரண்டு கீழ்மூலையில் வளைந்து நின்றது.

“அண்ணே! அசையாதீங்க!”

அடுத்த வீட்டு லமியட், நூடுல்ஸ் கடைக்காரி, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை விளக்கின்மேல் பதிந்திருந்தது.

“என்ன லமியட்?”

“மூணு.”

“எது மூணு?”

“உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லியா? மூணாம் நம்பர்! நல்லா வளைச்சு எழுதினாப்பல நிக்குது. ஒண்ணாந்தேதி லாட்டரிக் குலுக்கல் வருதுல்ல? சாமியார் வண்டின்னதும் சாமி எழுதியிருக்கு!”

“சாமியார் வண்டி இல்ல, என் வண்டி. சாமி எழுதல, ஈரம்.”

“உலகத்துல எல்லாத்தையும் ஈரம்னே சொல்லுங்க” என்று நொந்துகொண்ட லமியட், உள்ளே ஓடி முகப்பூச்சு மாவைக் கொண்டுவந்து விளக்கின் கண்ணாடியில் தடவி, எண் இன்னும் தெளிகிறதா என்று தேய்த்துப் பார்த்தாள். புன்சோங் துடைத்தார். அவள் மீண்டும் தடவினாள்.

மறுநாள் ரச்சனி கொண்டுவந்த தாளில், ‘ஈரம் துளிகளாகத் திரண்டுள்ளது. தேறவில்லை’ என்றிருந்தது. கூடவே நெகிழிப்பையில் ஒரு குளிர்தேநீர்.

“இவ்வளவு நேரமா?”

“மழைப்பா.”

புன்சோங் வாசலை எட்டிப் பார்த்தார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

ஆலையில் ஒருவர் வழி சொன்னார்: தண்ணீரில் விழுந்த கைப்பேசியை அரிசிப் பானைக்குள் புதைத்துத் தாம் மீட்டதாகவும், அரிசியைப்போல் ஈரம் குடிப்பது ஈரேழு உலகிலும் இல்லை என்றும். புன்சோங்குக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டில் இருந்ததோ ஒட்டரிசி. ஒரு பிடி எடுத்து மெல்லிய துணியில் முடிந்து, விளக்கின் பின்மூடியைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். மறுநாள் வானம் இருண்டிருந்ததால் இரண்டு விளக்குகளையும் எரியவிட்டே ஆலைக்குப் போனார். மழை கொட்டியதால் அவ்வாறே திரும்பினார்.

வாசலில் வண்டி நின்றதும் நல்ல மணம் எழுந்தது. பக்கத்துக் கடையில் லமியட்டின் சமையல் என்று எண்ணினார். லமியட்டோ மூக்கை நீட்டியபடி வண்டியைச் சுற்றிவந்தாள்.

“அண்ணே, என்ன, வண்டிக்குள்ள அடுப்பு வச்சிருக்கீங்களா? ஒட்டரிசி வெந்த வாசம் வருது. கொஞ்சம் குழைஞ்சிருச்சு. தண்ணிய அளவா விட்டிருக்கணும்.”

விளக்கின் வெம்மையும் உள்ளிருந்த ஈரமும் கூடி, முடிச்சு அவிழ்ந்து, அரிசி அழகாக ஆவியில் வெந்திருந்தது. கஞ்சி கண்ணாடியின் உட்புறம் வழிந்து, மூன்றின் பக்கத்தில் குறுக்கே ஓடி மடிந்து ஒரு நெடுங்கோடாய் இறங்கியிருந்தது.

“ஏழு!” என்று அலறினாள் லமியட். “முப்பத்தேழு!”

அரைமணிக்குள் தெருவே திரண்டது. ஊதுவத்தி ஏற்றினார்கள். சிவப்புச் சோடாப் புட்டிக்குள் உறிஞ்சுகுழலைப் போட்டு வண்டியின் முன் படைத்தார்கள். ஒருவர் மல்லிகைச் சரத்தை விளக்குக்குச் சூட்டினார். பூசிய மாவோடு அந்தச் சாம்பல்நிற வண்டி, திருநீறு பொலிய யோகத்தில் அமர்ந்த அடியவரைப்போல் விளங்கிற்று.

“எல்லாரும் போங்கய்யா! நான் இதத் தொடைக்கணும்!” என்றார் புன்சோங்.

“தொடைக்கிறதா?” கூட்டம் அதிர்ந்தது. “குலுக்கல் முடியட்டும் அண்ணே. ஏழைங்க வயித்துல அடிக்காதீங்க. நம்பர் ரெண்டுதான் வந்திருக்கு, இன்னும் ஒண்ணு பாக்கி!”

அந்தக் கூட்டத்தில் கைகூப்பி நின்றவர்களுள் விழாக்குழுச் செயலாளர் சரூனும் ஒருவர். புன்சோங்கின் பார்வை பட்டதும், “நான் சும்மா, போற வழியில” என்றார். கையில் அவரும் மூன்று ஊதுவத்தி வைத்திருந்தார்.

மூன்றாம் முறை வந்த தாள் சுருக்கமாக இருந்தது. ‘விளக்கினுள் சோறு உள்ளது. தேறவில்லை.’

“சிரிக்கிறியா நீ?” என்றார் புன்சோங் மகளிடம்.

“இல்லப்பா, இருமல். விடுங்க, இன்னொரு தடவ போனாப் போச்சு. எனக்கொண்ணும் சிரமமில்ல.”

மகளின் பொறுமை அவர் நெஞ்சை நெகிழ்வித்தது. தன் மானத்துக்காக இந்தப் பெண் மழையில் எத்தனை முறை அலைவாள்! இன்னும் இரண்டே நாட்கள். இனி அரைகுறை வைத்தியம் உதவாது என்று துணிந்தார். விளக்கை முழுதாகக் கழற்றினார். கண்ணாடியை ஒட்டியிருந்த பசை இளக வெப்பம் வேண்டும். லமியட்டின் நூடுல்ஸ் அண்டாவைவிட வெப்பமானது தெருவில் வேறில்லை.

“கொதிக்கிற சாறுக்கு மேல காட்டிக்கோங்க, உள்ள போட்டுராதீங்க” என்றாள் அவள். “ஆனா அந்த முப்பத்தேழு அழியக் கூடாது. அழிஞ்சா கரண்டி பறக்கும்.”

கண்ணாடி கழன்றது. எண்களுக்கு ஊறு நேராமல் சுற்றிலும் துடைத்து, புதுப்பசை இட்டு மீண்டும் ஒட்டினார். ஒட்டிய இடம் ஆவி பறக்கும் அண்டாவின் அருகு என்பதைப் பசை இறுகிய பிறகே உணர்ந்தார். முன்பு சிறிது ஈரம் இருந்தது. இப்போது எலும்புச்சாறு மணக்கும் ஆவி முழுதும் உள்ளே சிறைப்பட்டுவிட்டது.

ஆகவே துளையிட்டார். நீர் வடியட்டும் என்று விளக்கின் அடியில் சிறு துளை. நீர் வடிந்தது. ஆனால் மறுநாள் ஆலைக்குப் போகும்போது, முன்சக்கரம் வாரியிறைத்த மழைநீர் முழுதும் அத்துளையின் வழியே மேலேறி, துளையைக் களிமண் அடைத்துக்கொள்ள, மூன்றிலொரு பங்கு விளக்கு குளமாயிற்று. துளையிட்டபோது கண்ணாடியில் விழுந்த கீறல், ஐந்தைப்போல் வளைந்திருந்தது.

“முன்னூத்தி எழுவத்தஞ்சு!”

அன்று அவ்வூரில் அந்த எண்ணுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை.

மாதத்தின் கடைசி நாள் விடிந்தது. புன்சோங் ஆலைக்கு விடுப்புச் சொன்னார்.

“சாவியக் குடும்மா. இன்னிக்கு நான் போறேன்.”

ரச்சனி முகம் மாறினாள். “நீங்க ஏன்ப்பா? உங்களுக்கு வேல இருக்கு. நான் போறேன், நான் பேசிக்கிறேன்.”

“மூணு தடவ பேசின லட்சணம் போதும். அந்த அனுசித்த நானே பாக்கறேன். பிறந்த கொழந்தையோட வாயிலகூட ஈரம்னு எழுதற ஆளு!”

வாசலில் கூட்டம் மறித்தது. நாளை குலுக்கல் முடியும்வரை துடைப்பதில்லை, மாலையைக் கழற்றுவதில்லை என்று புத்தரின் திருப்பெயரால் சத்தியம் வாங்கிக்கொண்டே வழிவிட்டார்கள்.

வழிநெடுக அவர் வாதத்தை ஒத்திகை பார்த்தார். பதினோராண்டுக் காத்திருப்பைச் சொல்வது. பிக்குகளின் சீவரத்தைச் சொல்வது. அப்போதும் மசியாவிட்டால் சுவரிலிருக்கும் காளானைச் சொல்வது. விளக்கினுள் நீர் ஒவ்வொரு திருப்பத்திலும் அலையடித்தது. சரூனின் வெள்ளை வண்டி, ஆடைகளைச் சுமந்து முன்செல்லும் காட்சி கண்முன் வந்து வந்து போயிற்று.

சோதனை நிலையத்தில் அவர் எதிர்பார்த்த அரக்கன் இல்லை. ‘அனுசித்’ என்று பெயர் தைத்த, தேய்த்த சட்டையும் எண்ணெய் வைத்துப் படியவாரிய தலையுமாக ஒல்லியான இளைஞன் ஒருவன், வண்டியைக் கண்டதும் குடையோடு ஓடிவந்தான். ஓட்டுநர் இருக்கையில் புன்சோங்கைக் கண்டு நின்றான். எட்டிப் பின்னிருக்கையைப் பார்த்தான். மறுபக்கம் சென்று அங்கிருந்தும் பார்த்தான். இருக்கைவாரைக்கூட விடாமல் சோதிக்கிறான் பாவி என்று புன்சோங் தம்முடையதை இழுத்துச் சரிபார்த்தார்.

“ஐயா... நீங்க?”

“வண்டிக்குச் சொந்தக்காரன். புன்சோங்.”

இளைஞன் இடுப்புவரை குனிந்து வணங்கினான். கையிலிருந்த குடை சரிந்து, தேய்த்த சட்டை நனைந்தது.

“விளக்கப் போடுங்கய்யா.”

போட்டார். கீறல் விழுந்து, மாவு பூசி, மல்லிகை சூடி, சோற்றுப்பருக்கை இரண்டு மிதக்கும் குளத்தினூடே ஒளி புறப்பட்டு எதிரிலிருந்த பலகையில் விழுந்து, நீரலையோடு சேர்ந்து ஆடியது. அனுசித் அதை ஒருமுறை பார்த்தான். உண்மையில் பார்த்தானா என்பதும் ஐயமே. தாளை எடுத்தான். நீல முத்திரை விழுந்தது.

“தேறிருச்சுங்கய்யா. போய்ட்டு வாங்க.”

முழுதாக நான்கு நிமிடங்கூட ஆகவில்லை. ஒத்திகை பார்த்த வாதமெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட, புன்சோங் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘தேறியது.’ சீவர ஆடைகள் அவர் வண்டியில்தான் போகும். மகிழ்ச்சி பொங்கியது, அதற்குமேல் ஆத்திரம் பொங்கியது.

“தம்பி, நில்லு. லேசா பனி பூத்தாப்பல இருந்தப்ப தேறல. நாலு துளி நின்னப்ப தேறல. இப்ப உள்ள மீன் வளக்கலாம், தேறிருச்சா? என்ன சட்டம்யா இது?”

அனுசித் காது இரண்டும் சிவக்க, அடுத்த வண்டியைப் பார்க்கப் போனான். அடுத்த வண்டி என்று ஒன்று அங்கே இருக்கவில்லை.

வாயிலோரம் குளிர்தேநீர்க் கடை வைத்திருந்த சோம்சி, பையைக் கட்டி உறிஞ்சுகுழலைச் செருகியபடியே சிரித்தாள்.

“சட்டப்படி விளக்கு எரிஞ்சாப் போதும்ண்ணே, மொத நாளே தேறியிருக்கும். ஆனா அன்னிக்கே தேற விட்டிருந்தா, உங்க பொண்ணு மறுபடி இங்க எதுக்கு வரும்?”