நண்பகல் கைநாட்டு

ஏழு ஏரிகளில் இரண்டு காணாமற்போன நாடு நன்னெறிபுரம். அங்கே சிறையிலிருந்து வருவோர் ஊருக்குள் உள்ள திருந்தகத்தில் ஆறு மாதம் தங்கிய பின்பே வீடு செல்லலாம். கோயில் மணியைத் திருடிச் சிறை சென்ற கொத்தனார் செங்கோடன் அப்படித்தான் வீடு வந்தான். அவனைக் கண்டு ஒளிந்த மகள், ஒரு வாரம் கழித்துத்தான் "அப்பா" என்றாள்.

அந்த வாரமே, திருந்தகத்திலிருந்து போனவர்களில் பத்துக்கு ஏழு பேர் மீண்டும் சிறைக்கு வருவது அவைக்குத் தெரிந்தது. சீர்திருத்த அமைச்சர் பேரருளாளர் எழுந்தார். முதல் ஏரியைத் தூர்த்து மாளிகை கட்டிப் பிடிபட்டு, ஒரே வாரத்தில் வெளிவந்து, முன்னிலும் அதிக வாக்கில் வென்றவர் அவர்.

"கண்காணிப்புப் போதவில்லை. நாள்தோறும் நண்பகல் முரசுக்கு அவர்கள் திருந்தகம் வந்து கைநாட்டு வைக்கட்டும். தவறினால் சிறை."

நடுப்பகலில் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனை எவர் வைத்துக்கொள்வார்? பலர் வேலை இழந்தனர். உடனே அடுத்த ஆணை: வேலையின்றி இருப்பதும் குற்றம். பத்துக்கு ஏழு, ஒன்பதாயிற்று.

"ஆணைகள் சரியானவை. மனிதர்கள்தாம் சரியில்லை" என்றார் அமைச்சர். அவை ஆமோதித்தது.

செங்கோடன் மட்டும் இரண்டாம் ஏரிக்குள் எழுந்த மதில் வேலையை விடவில்லை. ஒரு நாள் முரசு ஒலிக்குமுன்பே ஓடிவந்து விரலை ஏட்டில் அழுத்தினான். வெறும் மை அப்பியது. சுண்ணாம்பு ரேகையைத் தின்றிருந்தது.

"நீ வரவில்லை" என்றார் திருந்தக அதிகாரி.

"இந்தா நிக்கிறேனே, ஐயா."

"எமக்குத் தெரிகிறது. ஏட்டுக்குத் தெரியவில்லை."

"சாந்துல கிடக்கிற விரலு. வேலை செஞ்சா தேயாதா?"

"செய்யாவிட்டால் அதுவும் குற்றம்."

"மணியைத் திருடினப்ப மட்டும் ரேகை நல்லா விழுந்துச்சே."

"அப்போது உன் ரேகையில் குறையேதும் இல்லை" என்று அதிகாரி ஏட்டை மூடினார்.

மறுநாள் மகள் எழுமுன்பே காவலர் வந்தனர்.

பத்தாம் நாள், கூலியில்லாக் கைதிகளைச் சங்கிலியில் கோத்து வேலைக்கு நடத்திச் சென்றார்கள். அதே மதில். அதே மேஸ்திரி.

"வந்துட்டியா செங்கோடா? இனி மத்தியானம் ஓட வேண்டாம், போ."

முரசு ஒலித்தது. செங்கோடன் நிமிராமல் சாந்து பூசினான். பல்லக்கில் வந்திறங்கிய பேரருளாளர் தம் மதிலைத் தடவிப் பார்த்தார்.

"மூன்றாம் ஏரிக்கு ஆட்கள் கிடைப்பார்களா?"

"கவலை வேண்டாம், ஐயா" என்றார் மேஸ்திரி. "பத்துக்கு ஒன்பது பேர் திரும்பி வர்றாங்க."