இரும்புப் படலைக் கோஷ்டிக்கு அண்ணை சொல்லவேண்டியது

இக்காஸ்ட், டென்மார்க்
12.10.1986

பேரன்புக்குரிய கிறிஸ்துராஜா அண்ணைக்குத் தங்கை கிருபாமலர் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் இங்கு நானும் இவரும் உயிரோடு இருக்கிறோம். லண்டனில் நீங்களும் அண்ணியும் நன்றாக நித்திரை கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் கொள்ளவில்லை. அதைப்பற்றித்தான் இக்கடிதம்.

உங்களுக்குத் தெரியும், எனக்குத் தையல் ஆலையில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் மேல்வீட்டில் பாட்டுத் தொடங்கிவிடும். முதலில் தேவாலயத்து ஓர்கன் மாதிரி மெல்ல வரும். சரி, கண்ணை மூடுவோம் என்று நினைக்கும் நேரம் பார்த்து, யாரோ அலுமாரியைப் படிக்கட்டால் உருட்டிவிட்டதுபோல் ட்ரம்ஸ் விழும். பொறுத்துப் பார்த்தேன். போன கிழமை மெஷினிலேயே தூங்கி, ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டேன். மேற்பார்வையாளன் "இன்னொருக்கா நடந்தால் வேலை இல்லை" என்றுவிட்டான்.

அன்றே முடிவெடுத்தேன். வீடு கூட்டுற தும்புத்தடியால் முகட்டை இடித்தேன். சத்தம் கூடியது. இன்னும் இடித்தேன், இன்னும் கூடியது. தடி முறிந்ததும் படியேறிப் போனேன். கதவைத் திறந்தவர் கத்தரீனா என்ற வயதான டெனிஷ் அம்மா. எங்கள் ஆலையிலேயே வேலை செய்து, மெஷின் இரைச்சலில் காது முக்கால்வாசி போனவர். நான் இடித்ததைக் காலால் உணர்ந்து, கீழே யாரோ தாளம் போடுகிறார்கள் என்று சந்தோஷத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டாராம்!

எனக்கு டெனிஷ் போதாது. அவருடைய ஆங்கிலமோ முழுக்க அந்தப் பாட்டுகளில் பொறுக்கியது. கோப்பி குடிக்கச் சொல்வதற்கு, "என் இதயமே, போகாதே, என்னோடு இரு" என்றார். எப்படி அண்ணை சண்டை பிடிக்கிறது? இருந்தேன். அந்தப் பாட்டுக் கோஷ்டியின் சரித்திரம் முழுவதையும் கையசைவோடு சொன்னார். பெயர் 'த அயன் கேற்ஸ்', அதாவது இரும்புப் படலைகள். வட இங்கிலாந்தில் ஒரு நிலக்கரி ஊர், ஒரே ஒழுங்கைப் பெடியள் நாலு பேர். பேரும் புகழும் வந்ததும், யார் முன்னுக்கு நிற்கிறது என்று பாடகனும் கிற்றார்க்காரனும் கொழுவிப் பிரிந்துவிட்டார்கள், எங்கள் சபை கொயர் மாதிரியே. பிறகு கிற்றார்க்காரனின் தாயுடைய செத்தவீட்டில் பாட ஆளில்லாமல் பாடகன் எழும்பிப் பாட, திரும்பச் சேர்ந்தார்களாம்.

சனிக்கிழமை ஹேர்னிங்கில் அவர்களுடைய கச்சேரி, கூட வர ஆளில்லை என்றார். நல்லதாய்ப் போச்சு, ஆட்களையே நேரில் கண்டு சொல்வோம் என்று வெளிக்கிட்டேன்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் வீட்டில் இவர்.

"ஓம், நித்திரை இல்லாத விசர்."

மேடைவரை நெருக்கிக்கொண்டு போய், ஒரு பாட்டு முடிந்த கையோடு "சத்தத்தைக் குறையுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற டெனிஷ்காரர் அதை ஏதோ பாட்டின் பெயர் என்று நினைத்து, "சத்தத்தை! சத்தத்தை!" என்று கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். பாடகன் குனிந்து, "என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டான். ஆங்கிலத்தில் சொன்னேன்: "பாட்டு வேண்டாம். எனக்கு இரவு வேலை. பகலில் நித்திரை வேணும்."

அவன் சிரிக்கவில்லை, அண்ணை. "என்ர அப்பாவுக்கும் இரவு வேலைதான், நிலத்துக்குக் கீழே" என்றான். பிறகு மைக்கில், "அடுத்த பாட்டு இரவு வேலை செய்யிற இந்த அம்மாவுக்கு" என்று அறிவித்தான். உடனே முன்னையதைவிட இரண்டு மடங்கு சத்தமாக அடித்தார்கள். கத்தரீனா ஸ்பீக்கர்ப் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அதற்காக நான் விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.

கத்தரீனாவிடம் சொல்ல இனி எனக்கு வாய் வராது. ஆகவே நீங்கள்தான். அவர்களும் இங்கிலாந்து, நீங்களும் இங்கிலாந்து, எப்படியும் ஒருநாள் பஸ்ஸில் சந்திப்பீர்கள். இனி வரும் பாட்டுகளை ஓர்கனோடு நிறுத்தச் சொல்லுங்கள். சொல்லத்தான் வேண்டும். நான் பின்வாங்கப் போவதில்லை.

அண்ணிக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இருவருக்கும் நீடித்த சுகத்தையும், வாய்திறவாத அயலவரையும் தந்தருள்வாராக.

இப்படிக்கு,
விட்டுக்கொடாத தங்கை
கிருபாமலர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் கீழ்வீட்டு மனிதன் கதவை உடைப்பதுபோல் தட்டினான். கத்தரீனா தந்த கசெற்றைப் போட்டுக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன், அந்தச் சத்தம் அவனுக்குத் தாங்கவில்லையாம். உள்ளே கூப்பிட்டு இருத்தி, நிலக்கரி ஊரிலிருந்து கதையைத் தொடங்கினேன். அண்ணை, நீங்கள் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம். ஆள் இன்னும் கதிரையை விட்டு எழும்பவில்லை. கசெற்றின் மற்றப் பக்கத்தையும் போடச் சொல்லுறான்.