பந்தயத்துக்கு இரண்டு பின் டயர்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. களியக்காவிளைக்குப் போய், காரின் பின்பக்கத்துக்கு இரண்டு டயர் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

கார் என்றால் பழைய அம்பாசிடர். நான் வாங்கும்போதே அதற்கு நல்ல வயது. விற்றவர் காஞ்சிரங்குளத்தில் ஒரு டாக்டர். நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி, "ரொம்ப வெரட்டப்பிடாது, கேட்டியளா?" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார்.

டாக்டர் சொன்னதை நான் கேட்டிருக்கலாம்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில். ஓணம் வந்தால் ஊர் கிளப்புக்காரர்கள் கயிறு இழுக்கிற வடம்வலி, உறியடி, மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது எல்லாம் நடத்துவார்கள். தொண்ணூறுகளில் ஒரு வருஷம் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பழைய கார் ஓட்டம்!

வாயனசாலை என்கிற படிப்பகத்தின் முன்னாலிருந்து கலுங்குப் பாலம் வரைக்கும் வளைவே இல்லாத செம்மண் ரோடு. தார் போடப் போகிறோம் என்று உருளை ஓட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அதனால் ரோடு நன்றாக இருந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். முதலில் கலுங்கைத் தாண்டுகிற காருக்கு வெற்றி. அவ்வளவுதான்.

ஊரில் பழைய கார் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் மனைவி பகவதியின் அண்ணன் வேலப்பனுடைய பத்மினி கார்.

வேலப்பன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் காரைச் சுற்றி வந்தார்.

"அளியா, இது கலுங்கு வரைக்கும் வந்து சேருமா? இல்ல, வழியில திங்கதுக்கு ஏதாவது பொதிஞ்சு குடுத்து விடணுமா?"

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் காரைச் சொன்னால் பொறுக்காது.

"எனக்க காரு ஒமக்க காரை முந்தும்!"

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த பகவதி துருவுவதை நிறுத்தினாள்.

"முந்தலன்னா?"

"முந்தலன்னா வித்துப்போடுதேன்!"

வாயிலிருந்து வந்துவிட்டது. துருவலோடு அவள் வெளியே வந்தாள்.

"அண்ணா, நீதான் சாட்சி. தோத்தா காரை விக்கணும். அந்த ஷெட்டுல எனக்கு ஒரு பசுவக் கெட்டணும். எத்தனை வருசமா கேக்கேன்!"

"ஜெயிச்சா?" என்றேன்.

"ஜெயிச்சா, காரை விக்கச் சொல்லி நான் வாயத் தொறக்க மாட்டேன். போதுமா?"

போதும் என்றேன். என் வாழ்க்கையில் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது அன்றைக்குத்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். இங்கிலீஷெல்லாம் பழைய பேப்பர் கடையில் கிடைத்த புத்தகங்களைப் பார்த்து நானே எழுத்துக்கூட்டிக் கற்றது. அவற்றில் கார்களைப் பற்றிய ஒரு பத்திரிகையும் இருந்தது. இதே மாதிரி நேர் ஓட்டத்துக்கு நிற்கிற ஒரு பழைய அமெரிக்கக் காரின் படம். முன்சக்கரம் ஒல்லி. பின்சக்கரம் பூதம்!

படத்துக்குக் கீழே அரைப் பக்கம் எழுதியிருந்தது. நான் படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி டயருக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில், டயர் விலை குறைவு. ஆனால் வாங்கிக் கையில் கொண்டுவந்தால் செக்போஸ்டில் ரசீது கேட்பார்கள், வரி கேட்பார்கள். காரில் மாட்டிக்கொண்டு வந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதனால் பழைய டயரில் போவோம், புது டயரில் வருவோம். கழற்றிய டயரைக் கடையிலேயே தள்ளிவிட வேண்டும். டிக்கியில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஊரில் பாதி வண்டி இப்படித்தான் உருண்டது.

பகவதியும் சந்தையில் சேனை வாங்க வேண்டும் என்று கூடவே வந்தாள். அவளைச் சந்தையில் இறக்கிவிட்டு ஞானதாஸ் கடைக்குப் போனேன். டயர்க்கடை ஞானதாஸ் எனக்குப் பழக்கம். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத மனுஷன்.

"சாரே, எந்த அளவு வேணும்?"

"பெருசு."

"எம்புட்டு பெருசு?"

"உன்கிட்ட இருக்கதுல பெருசு."

"லாறி டயர் உண்டு."

"அதுக்கும் கொஞ்சம் சிறுசு."

ஞானதாஸ் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போனான். ஏதோ வேனுக்கு வைத்திருந்த இரண்டு புதுச் சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தான். ரிம்மோடு! ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு வந்தது.

"காருக்கு இது சேருமா?"

"சேராதுதான். சேத்துருவோம். அடிபொளி ஆயிருக்கும் சாரே!"

சேர்த்தான். போல்ட் ஓட்டை ஒத்துவரவில்லை; நடுவில் ஒரு இரும்புத் தட்டு வைத்தான். சக்கரம் உள்ளே நுழையவில்லை. மேல் தகரத்தைச் சுத்தியலால் அடித்து மடக்கினான். அப்படியும் உரசியது, பின்பக்கத்தை மரக்கட்டை கொடுத்துத் தூக்கினான். ஒவ்வொரு அடிக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தேன். படத்தில் இருந்த கார் சிங்கம் மாதிரி நின்றது. என் கார் பெஞ்சுக்கடியில் விழுந்த காசைத் தேடுகிற மாதிரி நின்றது.

அந்த நேரம் பார்த்துப் பகவதி சேனையோடு வந்தாள்.

"இது யாருக்க காரு?"

"நம்ம காருதான்."

"பின்ன எதுக்கு இப்பிடிக் குனிஞ்சு நிக்குது? ஏதாவது தப்பு செய்துதா?"

"பந்தயக் காரு இப்பிடித்தான் நிக்கும்."

"ஓ. பழைய டயரெல்லாம் எங்க?"

"ஞானதாஸுக்குக் குடுத்தாச்சு."

"இது சரிப்படலன்னா திரும்ப மாட்டதுக்கு?"

நான் காரைக் கிளப்பினேன்.

முன்சீட்டில் உட்கார்ந்த பகவதி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கிக்கொண்டே வந்தாள். சேனை அவளுக்கு முன்னாலேயே காலடிக்கு உருண்டுவிட்டது.

"இஞ்ச பாருங்க, நான் இதுல இருக்கேனா, எறங்கிட்டு இருக்கேனா?"

செக்போஸ்ட் வந்தது. குறுக்குக் கம்பு இறங்கியது.

அந்தக் காலத்தில் எல்லை தாண்டி அரிசி கடத்துகிறவர்கள், பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் இருக்கக் கூடுதல் ஸ்பிரிங் போட்டு உயர்த்தி வைப்பார்கள். வாசலில் நின்ற அதிகாரி மலையாளி, அனுபவசாலி. பின்பக்கம் தூக்கிய கார் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். எனக்குத்தான் அது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"அரி எவிடே?" என்றார், எடுத்த எடுப்பில்.

நான் திறந்த வாயை மூடுவதற்குள் பகவதி பதில் சொன்னாள்.

"வீட்டுல கலத்துல கெடக்கு சாரே. நீங்க விட்டாத்தான் போய் உலையில போடணும்."

டிக்கியைத் திறக்கச் சொன்னார். காலி. பின்சீட்டைத் தூக்கச் சொன்னார். காலி. அவருக்குச் சந்தேகம் கூடியது. இரண்டு காவலர்களைக் கூப்பிட்டு டிக்கிக்குள் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். கார் அசையவில்லை.

"தாழுந்நில்லல்லோ!" என்று என்னைப் பார்த்தார்.

"சாரே, ஸ்பிரிங் இல்ல. சக்கரம்தான் பெருசு."

"எந்தினு?"

"ஓட்டப் பந்தயத்துக்கு."

அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வழுக்கைத் தலையைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். டீ குடிக்கப் போனவர்களையும் ஆள் அனுப்பி வரவழைத்தார். சிரித்து முடித்து எங்களை விடும்போது சோற்று நேரம் தாண்டிவிட்டது.

புது டயருக்கு ரசீது எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்டுப் பறிமுதல் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு நல்லது!

ஓணத்தன்று வாயனசாலை முன்னால் ஊரே நின்றது. கிளப் செயலாளர் சசி மைக்கில் கத்திக்கொண்டிருந்தான்.

"வலது பக்கம் வேலப்பன் அண்ணனுக்க பத்மினி! இடது பக்கம்... இடது பக்கம் நிக்கது முன்னால வாறதா, பின்னால போறதான்னு பாத்துச் சொல்லுதேன்!"

வேலப்பன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அளியா, ஆரத்திய எங்க காட்டணும்? மொகத்துக்கா, முதுகுக்கா?"

அவரும் சும்மா வரவில்லை. பாலராமபுரத்தில் யாரோ சொன்னார்களாம், பின் டயரில் காற்றைக் குறைத்தால் மண்ணை நன்றாகப் பிடிக்கும் என்று. இரண்டு டயரும் ஆப்பம் மாதிரி பரந்து கிடந்தன. பகவதி கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். முகத்தில் பசு தெரிந்தது.

சசி சீட்டி அடித்தான்.

பத்மினி மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. என் கார் இருமியது.

கிளச்சை விட்டேன், இன்னும் பலமாக இருமியது. சக்கரம் பெரிதானால் அதை முதல் சுற்றுச் சுற்றுவதற்கே எஞ்சினுக்கு மூச்சுப் போய்விடும். நின்ற பஸ்ஸை டாப் கியரில் எடுக்கிற மாதிரி. படத்துக்குக் கீழே இருந்த அரைப் பக்கத்தை ஓணம் கழிந்து அகராதி வைத்துப் படித்தேன். டயர் அகலமாக இருக்கணும், மெத்தென்று இருக்கணும், உயரத்தை மட்டும் கூட்டிவிடாதே என்று தெளிவாக எழுதியிருந்தது.

கார் நகர்ந்தது. நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. கூட்டத்தில் சிலர் உண்மையாகவே கூட நடந்து வந்தார்கள்.

"அண்ணா, தள்ளணுமா?"

"வேண்டாம்லே, விலகு!"

"எறங்கி நடந்தா நீங்க ஜெயிச்சிரலாம்!"

காரை வாங்கப் போகிறவன் யாராக இருக்கும் என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்போது முன்னால் ஒரு சத்தம். பத்மினி ஒருபக்கமாகச் சாய்ந்து, ஆடி, நின்றுவிட்டது. காற்று குறைந்த டயர் மண்ணை நன்றாகத்தான் பிடித்தது. ரிம்மைத்தான் விட்டுவிட்டது. வேலப்பன் இறங்கி, கழன்ற டயரைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியை ஒன்றும் செய்ய முடியாமல் என்னைப் பார்த்தார்.

"ஓடு அளியா! இல்ல, நடயாவது!" என்று அவரே கத்தினார்.

மெல்ல மெல்ல என் காருக்குச் சூடு பிடித்தது. வேகம் வந்தது. வேலப்பனைத் தாண்டினேன். கலுங்கைத் தாண்டினேன். ஜெயித்துவிட்டேன்!

பிரேக்கை மிதித்தேன்.

பெரிய சக்கரம் கிளம்புவதற்கு மட்டுமல்ல, நிற்பதற்கும் யோசிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கலுங்கைத் தாண்டினால் ரோடு திரும்பும். கார் திரும்பவில்லை. ஏற்கெனவே மூக்கைத் தாழ்த்திக்கொண்டிருந்த வண்டி, உழுதுகொண்டே ஒரு மரச்சீனி விளைக்குள், அதாவது மரவள்ளித் தோட்டத்துக்குள், இறங்கி நின்றது.

விளை வேலப்பனுடையது.

கழன்ற டயரோடு ஓடிவந்தவர் விளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோத்ததுமில்லாம, மரச்சீனியும் போச்சே எனக்கு! அளியா, நீ ஓட்ட வந்தியா, உழ வந்தியா?"

வடம்வலிக்கு வந்திருந்த இரண்டு அணிகளும் ஒரே பக்கமாக நின்று, அதே வடத்தைக் கட்டிக் காரை இழுத்தார்கள். அன்றைக்கு வடம்வலியில் இரண்டு அணிக்கும் வெற்றி. பம்பரில் சிக்கி வந்த கிழங்குகளைப் பகவதி முந்தானையில் சேகரித்தாள்.

"ஜெயிச்சுட்டேன், கேட்டியா?" என்றேன், தலைமுடியிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டே. தலையில் தட்ட அதிகம் ஒன்றும் இல்லை.

"பாத்தேன். நல்லா ஓட்டினீங்க," என்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

அவள் இப்போது இல்லை. நான் சொல்வதில் கூடக் குறைய இருந்தால் திருத்த ஆளில்லை. நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து திரும்பி வந்தால், கார் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குள் ஒரு பசு. பக்கத்தில் வேலப்பன் வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பகவதி! நான்தானே ஜெயிச்சேன்?"

"யாரு இல்லன்னா? காரை விக்கச் சொன்னேனா நான்? அது எங்க நிக்கணும்னு நம்ம பேசவே இல்லியே!"

சாட்சியைப் பார்த்தேன். சாட்சி வைக்கோலைப் பார்த்தார்.

ஆக, பந்தயத்தில் ஜெயித்தது கார். நிழல் கிடைத்தது பசுவுக்கு.