பாடும் லிப்டில் ஆட்கள் ஏறக்கூடாது

கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் தினமும் காலையில் நாலு வரி எழுதி இணையத்தில் போடுவது என் வழக்கம். வாழ்க்கை, தொழில்நுட்பம், இசை, நாட்டு நடப்பு, எதுவும் விலக்கல்ல. புதிய போன் பழைய போனைப் போலவே இருப்பதைப் பற்றி எழுதியிருக்கிறேன். செய்தி வாசிப்பவர் விபத்திலிருந்து வானிலைக்கு வரும்போது முகத்தை எங்கே வைத்து மாற்றுகிறார் என்பதைப் பற்றி எழுதியிருக்கிறேன். வாசகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உறவினர்களைக் கழித்தால் விரல்கள் மிஞ்சும். ஆகவே என் எழுத்தால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை, லிப்டைப் பற்றி எழுதும்வரை.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு இருந்தாள். எங்கள் வீடு ஐந்தாவது மாடியில். வருகிற திங்கட்கிழமை அவள் ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தலைமைப் பொறுப்பில் சேர வேண்டும். அன்று வராவிட்டால் வேலை அடுத்தவருக்கு என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

"உட்கார்ந்து மைக்ராஸ்கோப் பார்க்கிற வேலை. கால் வேண்டாம், கண் போதும்னுட்டாங்க. லிப்ட் இருக்கு, கீழே வண்டி வரும். வேற என்ன?" என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த வாரத்தில்தான் லிப்ட் கத்த ஆரம்பித்தது. நான் எழுதினேன்: "நம் லிப்ட் இரண்டாவது மாடியில் முனகுகிறது, மூன்றாவதில் குரலை உயர்த்துகிறது, நான்காவதில் பெருமூச்சு விட்டு அடங்குகிறது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது பாட்டு."

"எண்ணெய் இல்லாம கத்துது," என்றாள் மனைவி. "மெக்கானிக்குக்கு போன் பண்ணாம வர்ணிச்சிட்டு இருக்கீங்க."

"பண்றேன், பண்றேன்."

எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பண்ணலாம் என்றிருந்தேன். அதற்குள் மூன்றாவது மாடி இசை ஆசிரியை என் வரிகளை ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குறிப்பு: "மூன்று சுரங்கள். மூன்றும் சுத்தம்."

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்துத் தெரு இளைஞர்கள் வந்து லிப்டின் தரையில் கண்மூடி உட்கார்ந்தார்கள். அந்த ஒலி போன்களில் அழைப்பு மணியானது. ஒரு தொலைக்காட்சி 'லிப்ட் பாடுகிறதா, அழுகிறதா?' என்று விவாதம் நடத்தியது. நான்கு நிபுணர்கள் ஒரே நேரத்தில் பேசியதில் லிப்டின் குரல் கேட்கவில்லை. எண்ணெய்க் குடுவையோடு வந்த மெக்கானிக்கை வாசலிலேயே மடக்கினார்கள். 'கலை விரோதி' என்று யாரோ கத்த, அவர் குடுவையைப் போட்டுவிட்டு ஓடினார். அதைக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் சாட்சிப் பொருளாகத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வெள்ளிக்கிழமை ஒலி மரபுப் பாதுகாப்பு வாரியத்தின் உதவி இயக்குநர் வந்தார். அப்படி ஒரு வாரியம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. தொடங்கிய நாள்முதல் பாதுகாக்கத் தகுந்த ஒலி எதுவும் கிடைக்காததால் அலுவலகத்தில் பூரண அமைதி நிலவியதாகவும், இத்தனை காலமும் அந்த அமைதியைத்தான் பாதுகாத்து வந்ததாகவும் அவர் விளக்கினார். லிப்டில் ஏறி இறங்கினார். பிறகு காலியாக அனுப்பிவிட்டு வெளியே நின்று கேட்டார்.

"ஆள் ஏறினால் சுருதி இறங்குகிறது," என்றார் கவலையுடன். "பாரம்தான் இந்த ஒலிக்கு முதல் எதிரி."

மாலைக்குள் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மேற்படி மின்தூக்கியின் ஒலி பாதுகாக்கப்பட்ட மரபாக இதனால் அறிவிக்கப்படுவதாகவும், அதில் ஆட்கள் பயணம் செய்வது தடைசெய்யப்படுவதாகவும், எனினும் கேட்கப்படாத ஒலி மரபாகாது என்பதால் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அது காலியாக இயக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. செயலாளர் சாட்சியாகக் கையெழுத்திட்டிருந்தார்.

நான் கீழே ஓடினேன்.

"சார், என் மனைவிக்குக் கால்ல கட்டு. திங்கட்கிழமை வேலைக்குப் போகணும்."

"போகட்டுமே. வாரியம் யாருடைய வேலையையும் தடுப்பதில்லை."

"லிப்ட்ல ஏறக்கூடாதுன்னு போட்டிருக்கே?"

"ஏறலாம். நிற்கிற லிப்டில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். நகரும்போது உள்ளே இருக்கக்கூடாது, அவ்வளவுதான்."

"நடக்க முடியாதவங்களுக்கு ஏதாவது விதிவிலக்கு..."

"உண்டு. தாராளமாக உண்டு. சம்பந்தப்பட்டவர் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும்."

"நடக்க முடியாதவங்க எப்படி சார் நேர்ல வருவாங்க?"

"வந்துவிட்டால் விதிவிலக்கு தேவையில்லை என்று தெரிந்துவிடும். வராவிட்டால் விண்ணப்பமே இல்லை. இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை," என்றார் பெருமையாக.

மேலே வந்து இதைச் சொன்னேன். மனைவி வாசற்கதவுக்குள் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாலை இயக்கம் தொடங்கியது. வெறும் லிப்ட், உள்ளே விளக்கு எரிய, பாடிக்கொண்டே மேலே வந்து, எங்கள் வாசலில் நின்று, கதவைத் திறந்து, மூடி, பாடிக்கொண்டே கீழே போனது.

"நான் மட்டும் வரக்கூடாதாம்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாலு வரி எழுதினதுக்கு நாலு வரி எழுதி இதை நிறுத்துங்க."

எழுதினேன். 'பாட்டு இனியது, ஆனால் மாடியில் ஒரு பெண் சிறைப்பட்டிருக்கிறாள்' என்று உருக்கமாகவே எழுதினேன். அது முன்னதைவிட அதிகம் பரவியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே கூட்டம் கூடி, சோகம் சேர்ந்த பிறகு லிப்டின் குரலில் ஆழம் கூடியிருப்பதாகப் பேசிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை மனைவியின் தம்பி வந்தான். இருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, நாற்காலியோட தூக்கிடலாம். நாலு பேர் வேணும்."

"செயலாளரைக் கூப்பிடு. கையெழுத்துப் போட்ட கைதானே, கொஞ்சம் தூக்கட்டும்."

செயலாளர் வந்தார். எதிர் வீட்டு வக்கீலும், காவலாளியும் வந்தார்கள். நான் கையை நீட்டியபோது மைத்துனன், "மாமா, நீங்க கைப்பையை எடுத்துக்குங்க. ரொம்ப வர்ணிக்காம எடுத்துக்குங்க," என்றான்.

ஐந்தாவது மாடியிலிருந்து நான்காவதுக்கு வரும்வரை ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். வக்கீல், "இடப்பக்கம்! எனக்கு இடப்பக்கம், உங்களுக்கு இல்லை!" என்று கத்தினார். செயலாளருக்கு மூச்சு வாங்கியது. நான்காவதைத் தாண்டியதும்தான் ஒரு ஒழுங்கு வந்தது. காவலாளி 'ஹும்' என்றார், வக்கீல் 'ஹா' என்றார், நாற்காலி 'கிறீச்' என்றது, செயலாளர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். ஹும், ஹா, கிறீச். மூன்றாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. இசை ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி நின்றிருந்தார்.

மனைவி நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"இதைப் பத்தி ஒரு வரி எழுதினீங்க..."

"சத்தியமா இல்லை."

அவள் வண்டியில் ஏறிப்போனாள். சரியான நேரத்துக்குப் போய் வேலையில் சேர்ந்தாள். நானும் வாக்கைக் காப்பாற்றினேன். அன்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. மற்ற எல்லோரும் எழுதினார்கள். மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு போன் நீட்டப்பட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வக்கீல்கூட, 'நானும் பாடினேன்' என்று எழுதியிருந்தார்.

மாலையில் உதவி இயக்குநர் புது அறிவிப்போடு வந்தார். மேற்படி படிக்கட்டு ஒலி, உயிருள்ள மனிதர்களால் எழுப்பப்படுவதால், இயந்திர ஒலியைவிட மேலான மரபு என்று வாரியம் கருதுவதாகவும், ஒரு கட்டடத்துக்கு ஒரு மரபுதான் அனுமதி என்பதால் மின்தூக்கி உடனடியாக விடுவிக்கப்படுவதாகவும் அதில் கண்டிருந்தது.

"நாங்க?" என்றார் செயலாளர்.

"நீங்கள் நால்வரும் பாதுகாக்கப்பட்டவர்கள். பாரம் தூக்கினால் குரல் கெட்டுவிடும். ஆகவே காலி நாற்காலி. மூன்று வேளை."

"எனக்கு ரத்த அழுத்தம் சார்!"

"அந்தப் பெருமூச்சு அதனால்தான் வருகிறதா? அருமை. மாத்திரையை நிறுத்திவிடுங்கள்."

வக்கீல் சட்டம் பேசப் பார்த்தார். அவர் எழுதியிருந்த 'நானும் பாடினேன்' ஒப்புதல் வாக்குமூலமாக ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. மைத்துனன், தான் வெளியூர்க்காரன் என்றான். விருந்தினர் மரபு என்ற பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். செயலாளர் தன் அலமாரியைத் திறந்து எண்ணெய்க் குடுவையை எடுத்து எங்களிடம் கொடுக்கும்போது கண் கலங்கியிருந்தார்.

மனைவி திரும்பி வந்தபோது லிப்டுக்கு எண்ணெய் போட்டாகிவிட்டது. ஊன்றுகோலோடு உள்ளே வந்து சாய்ந்து நின்றாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த இரண்டு இளைஞர்களும் இசை ஆசிரியையும் கூடவே ஏறினார்கள். பக்கத்துப் படிக்கட்டில் மாலை இயக்கம் தொடங்கியிருந்தது. ஹும், ஹா, கிறீச். காலி நாற்காலி எங்களோடு போட்டி போட்டுக்கொண்டு மேலே வந்து பின்தங்கியது.

லிப்டில் சத்தமே இல்லை.

"அப்பாடா," என்றாள் மனைவி.

"கவனித்தீர்களா?" என்றார் ஆசிரியை கிசுகிசுப்பாக. "என்ன ஒரு மௌனம்! முழுமையான மௌனம்!"

உண்மைதான். அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதேயில்லை. முதல் வரி எனக்குள் தானாக உருவாகிவிட்டது. கை சட்டைப் பைக்குள் போனது. போன் விரலில் தட்டுப்பட்டது.

மனைவி ஊன்றுகோலைத் தூக்கி என் பாதத்தின் மேல் வைத்தாள். பிறகு மாவுக்கட்டு உட்படத் தன் முழு எடையையும் அதன் மேல் சாய்த்தாள்.

அப்போது நான் எழுப்பிய ஒலியை மூன்று பேர் பதிவு செய்தார்கள்.